தெளிந்த நீரும் நல்ல நீரும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பின்புறத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் வண்ணக் கெண்டை மீன்களை வளர்த்தோம். தொட்டியின் ஓரத்தில் கூழாங்கற்கள் நிறைந்த ஒரு வடிகட்டியும் இருந்தது. பள்ளி விழா நெருங்கியபோது, கற்களில் படிந்திருந்த பழுப்பு நிற வழுக்கல் நம் கண்ணுக்கு அழுக்காகத் தோன்றியது. மாணவர்களும் நாங்களும் சேர்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மீண்டும் அடுக்கினோம். நீர் கண்ணாடிபோல் இருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாரம் முடிவதற்குள் பாதிக்கு மேல் இறந்துவிட்டன.

"ஐயா, சுத்தமாத்தானே கழுவினோம்? பிறகு ஏன் மீன் செத்துப்போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று எங்களால் அவளுக்குச் சரியான விடை சொல்ல இயலவில்லை. தேடிப் படித்தபோது, இதே கேள்விக்கு விடை காண மனிதகுலத்துக்கே நெடுங்காலம் ஆயிற்று என்பது தெரிந்தது. அந்த வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

நீரைத் தெளியவைக்கும் கலை நம் முன்னோருக்குப் பழக்கமானதுதான். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து, அதில் கலங்கல் நீரை ஊற்றி வைப்பார்கள். சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். கலித்தொகை பாடிய காலத்திலேயே இது உவமையாகச் சொல்லும் அளவுக்கு எல்லாரும் அறிந்த செய்தியாக இருந்தது. கொட்டையில் உள்ள பொருள், நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஒட்டிய துகள் கனத்துப்போய்க் கீழே இறங்குகிறது. முருங்கை விதைக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால், இவை நீரைத் தெளியவைக்குமே தவிர, நீரில் கரைந்திருக்கும் நஞ்சை நீக்கிவிடமாட்டா.

அடுத்த படி மணல். 1804-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜான் கிப் என்பவர், துணி வெளுக்கும் தம் ஆலைக்காக ஆற்று நீரை மணலில் வடிகட்டினார். மிஞ்சிய நீரை ஊர்மக்களுக்கு விற்றார். 1829-இல் ஜேம்ஸ் சிம்சன் என்ற பொறியாளர், லண்டனின் செல்சீ குடிநீர் நிறுவனத்திற்காகப் பெரிய மணல் வடிகட்டியை அமைத்தார். மணல் ஒரு சல்லடை, அது அழுக்கை அரித்தெடுக்கிறது என்றுதான் அந்நாளில் பெரும்பாலோர் எண்ணினர்.

அந்த எண்ணத்தை மாற்றியது 1892-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹம்பர்க், அல்டோனா என்ற இரு நகரங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஹம்பர்க் நகரம் ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. அல்டோனாவோ ஹம்பர்க்கின் சாக்கடை கலந்தபின் வரும் நீரைத்தான் எடுத்தது. ஆனால், அதை மணலில் மெதுவாக வடிகட்டியது. அவ்வாண்டு காலரா வந்தது. ஹம்பர்க்கில் 8,600 பேருக்கு மேல் மாண்டனர். அல்டோனா பெரிதும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருவில், ஒரு பக்கம் நோய், மறுபக்கம் நலம்! இதை ஆராய்ந்த ராபர்ட் கோக், மணலின்மேல் படியும் மெல்லிய வழுக்குப் படலமே கிருமிகளைத் தடுத்து நிறுத்துகிறது என்பதை எடுத்துக்காட்டினார். அந்தப் படலம் உயிருள்ளது. பாசியும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் சேர்ந்த ஒரு தோல் அது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேறொரு சோதனை நடந்திருந்தது. 1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயில் கழிவுநீரை மெதுவாக இறக்கினர். முதல் 20 நாட்கள் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே சென்ற அமோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு அமோனியா குறைந்து, அதற்குப் பதிலாக நைட்ரேட் என்னும் உப்பு வரத் தொடங்கியது. குழாயில் குளோரோபாம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுவிட்டது. மணலும் கல்லும் மட்டுமே இந்த வேலையைச் செய்திருந்தால், மயக்க மருந்து அதை எப்படி நிறுத்தும்? ஆகவே வேலை செய்தவை உயிர்களே என்பது உறுதியாயிற்று. 1890-இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, சூரிச் நகரில் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ஒருவகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது.

இப்போது எங்கள் பள்ளித் தொட்டிக்குத் திரும்புவோம். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் மிஞ்சிய இரை அழுகினாலும் அமோனியா உண்டாகும். இதற்கு நிறமில்லை. நீர் தெளிவாக இருக்கும்போதே மீனைக் கொல்லும் நஞ்சு இது. எங்கள் கற்களில் இருந்த பழுப்பு வழுக்கல்தான் அந்த நஞ்சை மாற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் கூட்டம். குழாய் நீரில் கலந்த குளோரினாலும் வெயிலாலும் அந்தக் கூட்டத்தை ஒரே நாளில் அழித்துவிட்டோம்.

அப்படியானால் வடிகட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? எந்த விலையில் வாங்கினாலும், வீட்டிலேயே வாளியிலும் பீப்பாயிலும் செய்துகொண்டாலும், அதில் மூன்று வேலைகள் நடக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, மண்ணும் கசடும் தங்குவதற்கு நீர் மெதுவாகச் செல்லும் ஓர் அறை. இரண்டாவது, மிதக்கும் தூசைப் பிடிக்கும் பஞ்சு அல்லது தூரிகை. மூன்றாவது, நுண்ணுயிர்கள் குடியிருக்கக் கற்கள். நுண்மணல் விரைவில் அடைத்துக்கொள்ளும்; சொரசொரப்பான சிறு கற்களே சிறு தொட்டிக்கு ஏற்றவை.

முதல் அறையை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். அதன் பாடம் நம் மலையிலேயே பெரிய அளவில் கிடக்கிறது. 1963-இல் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டு, ரிங்லெட் ஏரி உருவானது. மின்சாரத்திற்காகச் சேர்த்த ஏரி அது. ஆனால், காட்டை வெட்டித் திறந்த சரிவுகளிலிருந்தும், காய்கறித் தோட்டங்களிலிருந்தும், கட்டட வேலைகளிலிருந்தும் மழை அடித்துவந்த மண், ஏரியை ஒரு வண்டல் தொட்டியாகவே ஆக்கிவிட்டது. மண்ணைத் தோண்டி அள்ளுவது ஓயாத வேலையாயிற்று. வண்டல் நிறைந்த ஏரியில் வெள்ளத்தைத் தாங்கும் இடம் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நீரைத் திறந்துவிட நேர்ந்தபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் வீடுகளுக்குள் புகுந்தன; உயிர்களும் போயின. மண்ணை அது புறப்படும் இடத்திலேயே தடுக்கவேண்டும். வந்து தங்கியதை அவ்வப்போது அகற்றவும் வேண்டும். ஏரிக்கும் இதுதான் விதி, கொல்லைத் தொட்டிக்கும் இதுதான் விதி. ஆகவே, தொட்டியின் விளிம்பைத் தரையைவிடச் சற்று உயர்த்திக் கட்டுங்கள். மழைநீர் ஓடிவந்து விழாது. முதல் அறையின் கசடை வாரந்தோறும் வெளியேற்றுங்கள். அந்தக் கசடு காய்கறிச் செடிக்கு நல்ல உரம்.

இனி அளவைக் கவனிப்போம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 2,000 லிட்டர் நீர் கொள்ளும். இந்த நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது வடிகட்டி வழியே செல்லவேண்டும். அதாவது, மணிக்கு 1,000 லிட்டர் இறைக்கும் சிறு பம்பு போதும். நுண்ணுயிர்களுக்கும் மூச்சுக்காற்று வேண்டும் என்பதால், பம்பை இரவில் நிறுத்தக் கூடாது. பம்பு வாங்க வசதியில்லாதவர்கள் மீனின் எண்ணிக்கையையும் இரையையும் குறைத்துக்கொள்ளவேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தொட்டிக்குக் கம்பிவலை மூடி கட்டாயம் தேவை.

புதுத் தொட்டியில் ஒரே நாளில் நிறைய மீன்களை விடாதீர்கள். அந்தப் பிரெஞ்சு அறிஞர்கள் 20 நாட்கள் காத்திருந்ததை நினைவில் கொள்ளுங்கள். நம் மலைக்குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும். ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம். இரண்டு மூன்று மீன்களோடு தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். கிரானைட் பாறை மலையிலிருந்து வரும் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. நுண்ணுயிர்களின் வேலைக்கு அது தேவை. ஆகவே, கற்களோடு ஒரு பிடி சிப்பி ஓட்டையும் போட்டு வையுங்கள். கற்களைக் கழுவ நேர்ந்தால், தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து இலேசாக அலசுங்கள். கடைசியில் நிற்கும் நைட்ரேட்டை வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிக் குறைக்கலாம். எடுத்த நீரைக் கீரைப்பாத்திக்கு விட்டால் அதுவும் வீணாகாது. குழாய் நீரில் குளோரின் இருந்தால், திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்து, பிறகு ஊற்றுங்கள்.

அந்த மாணவி இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். போன ஆண்டு அவள் எங்களைப் பார்க்க வந்தபோது, புதிய தொட்டியருகே அழைத்துச் சென்று பழுப்பேறிய கற்களைக் காட்டினோம். "இதையா அன்றைக்கு அழுக்கென்று தேய்த்தோம்?" என்றாள். ஆம் அம்மா, இதைத்தான். கண்ணுக்குத் தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீராகிவிடாது. நல்ல நீருக்குப் பின்னால், நம் கண்ணில் படாமல் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வாழவிட்டால் மீனும் வாழும்.