நடுவர் இல்லாத விளையாட்டு



போன வாரம் வகுப்பில் விளையாட்டுகளைப் பற்றி ஒரு வாக்குவாதம். மலையேற்றமும் விளையாட்டுதான் என்று நான் சொன்னதும் பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்துவிட்டான். "எதிரணி எங்கே? கோல் போஸ்ட் எங்கே? நடுவர் யாரு? மூச்சு வாங்க மேலே போய், திரும்பக் கீழே இறங்குறதுக்குப் பேர் விளையாட்டா?" என்று கேட்டான். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவன் கேட்ட கேள்வியை மலையேறிகளே நூறு வருடங்களுக்கும் மேலாகத் தங்களுக்குள் கேட்டுச் சண்டை போட்டு வருகிறார்கள். நடுவர் இல்லாததால் விதிகளை ஏறுபவர்களே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எது நேர்மையான ஏற்றம், எது ஏமாற்று வேலை என்ற இந்தச் சண்டையில்தான் மலையேற்றத்தின் பல வகைகளும் பிறந்தன.

மனிதன் மலை ஏறுவது புதிதல்ல. ஆடு மேய்க்க, மூலிகை பறிக்க, சாமி கும்பிட என்று எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தான். காரியம் எதுவும் இல்லாமல், ஏறுவதற்காகவே ஏறுவதுதான் புதிது. இதற்கு ஆரம்பமாக 1786 ஆகஸ்ட் 8ஆம் தேதியைச் சொல்வார்கள். அன்று ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தை (சுமார் 4,800 மீட்டர்) மிஷேல் பக்கார் என்ற மருத்துவரும், மலையில் படிகக்கல் தேடி விற்றுப் பிழைத்த ஜாக் பல்மா என்பவரும் தொட்டார்கள். ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற விஞ்ஞானி இதற்கு 1760லேயே பரிசு அறிவித்திருந்தார். ஆக, முதல் ஏற்றத்திலேயே அறிவியல், பணம், புகழ் மூன்றும் கலந்திருந்தன!

1857ல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கப்பட்டது. வசதியான ஆங்கிலேயர்கள் கோடை விடுமுறையில் ஆல்ப்ஸுக்குப் போய், உள்ளூர் வழிகாட்டிகளுக்குக் கூலி கொடுத்து, சிகரங்களை ஒவ்வொன்றாக 'முடித்தார்கள்'. 1865 ஜூலை 14ல் எட்வர்ட் விம்ப்பர் குழுவினர் 7 பேர் மேட்டர்ஹார்ன் உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து 4 பேர் விழுந்து இறந்தார்கள். கயிறு தானாக அறுந்ததா, யாராவது அறுத்தார்களா என்று விசாரணை வரை போனது. இதற்குப் பிறகும் ஆல்ப்ஸுக்கு வரும் கூட்டம் குறையவில்லை.

இனி சண்டைக்கு வருவோம். ஆல்ப்ஸில் டான் டு ஜியான் என்று ஒரு கூர்மையான பாறைச் சிகரம் இருக்கிறது. 1880ல் மம்மரி என்ற ஆங்கிலேயர் அதில் பாதி வழி ஏறி, முடியாமல் திரும்பினார். திரும்பும் முன், நேர்மையான வழியில் இதை ஏறவே முடியாது என்று ஒரு சீட்டில் எழுதி அங்கேயே வைத்துவிட்டு வந்தார். இரண்டே வருடத்தில், 1882ல், வேறொரு குழு பாறையில் இரும்பு ஆணிகளை அடித்து, கயிறு கட்டி, உச்சிக்குப் போய்விட்டது. மம்மரி தோற்றாரா? அந்தக் குழு ஜெயித்ததா? இன்று வரை மலையேறிகள் இதில் ஒத்துப்போகவில்லை. மம்மரி 1895ல் இமயமலையின் நங்கபர்வதத்தில் இரண்டு கூர்க்கா வீரர்களுடன் காணாமல் போனார். ஆனால் 'நேர்மையான வழி' என்ற அவருடைய சொல் தங்கிவிட்டது.

இந்தச் சண்டை பெரிதாக வெடித்த இடம் எவரெஸ்ட். 1922ல் பிரிட்டிஷ் குழு முதன்முதலாக உச்சியைத் தொடும் நோக்கத்தோடு கிளம்பியது. ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துப் போகலாமா கூடாதா என்று குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. எடுத்துப் போனால் அது விளையாட்டே இல்லை என்றது ஒரு கட்சி. கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்வது நியாயம் என்றால் காற்று மட்டும் எப்படி அநியாயம் ஆகும் என்பது இன்னொரு கட்சியின் வாதம். (ஷெர்பாக்கள் அதற்கு 'ஆங்கிலக் காற்று' என்று பெயர் வைத்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்த பெயர்!) கடைசியில் இரண்டு விதமாகவும் முயன்றார்கள். மல்லோரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் சிலிண்டர் இல்லாமல் 8,225 மீட்டர் வரை போனார்கள். சிலிண்டரோடு போன ஃபிஞ்ச், புரூஸ் இருவரும் அதைத் தாண்டி சுமார் 8,320 மீட்டரை எட்டினார்கள்.

மூன்றாவது முயற்சி ஜூன் 7ஆம் தேதி. முந்தைய நாட்களில் கனத்த பனி விழுந்திருந்தது. மல்லோரியும் சாமர்வெல்லும் முன்னே போக, பின்னால் வந்த சுமைதூக்கிகள் மேல் பனிச்சரிவு இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு இறந்திருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து தவித்ததைச் சாமர்வெல் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இந்தச் சாமர்வெல் நமக்கு அந்நியர் இல்லை. அவர் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். முதல் உலகப்போரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபடி தெற்கே வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்த்தார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, இப்போது கன்னியாகுமரி மாவட்டம். கூட்டம் கூட்டமாகக் காத்திருந்த நோயாளிகளையும், அவர்களுக்குப் போதாத மருத்துவர்களையும் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டு இங்கேயே வந்துவிட்டார். பல வருடங்கள் நெய்யூரிலும், பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் வேலை செய்தார். எவரெஸ்ட் ஏறிய ஒருவர் நம் ஊர்க்காரர்களின் குடல்புண்ணுக்குக் கத்தி வைத்தார் என்பது பாடப்புத்தகத்தில் ஏன் இல்லை என்று தெரியவில்லை.

1924ல் அவர் நெய்யூரிலிருந்தே மறுபடி எவரெஸ்ட் போனார். ஜூன் 4ஆம் தேதி நார்ட்டனும் அவரும் ஆக்சிஜன் இல்லாமல் கிளம்பினார்கள். தொண்டை அடைத்து மூச்சு முட்ட, சாமர்வெல் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாக 8,572 மீட்டர் வரை போனார். பார்ப்பதெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் திரும்பினார். இறங்கும்போது சாமர்வெல்லுக்குச் சுத்தமாக மூச்சு நின்றுவிட்டது. முன்னால் போன நார்ட்டனோ, இவர் படம் வரையப் பின்தங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் (சாமர்வெல் நல்ல ஓவியர்). பனியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தவர், கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அழுத்த, பனியில் வெந்துபோன தொண்டைச் சதை வெளியே வந்து விழுந்தது. பிழைத்தார்.

அவரிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு மல்லோரி, இர்வின் என்ற இளைஞரோடு மேலே போனார், இந்த முறை ஆக்சிஜன் சிலிண்டரோடு. ஜூன் 8க்குப் பிறகு இருவரும் திரும்பவில்லை. மல்லோரியின் உடல் 1999ல் கிடைத்தது. இர்வினின் பாதம் ஒன்று பூட்ஸோடு 2024ல் கிடைத்தது. கேமரா மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைத்தால், 1953ல் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறுவதற்கு 29 வருடம் முன்பே யாராவது உச்சியைத் தொட்டார்களா என்பது தெரியக்கூடும்.

1953 வெற்றி ஒரு படையெடுப்பு மாதிரி. 350க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள், முகாம் மேல் முகாம், கூடவே சிலிண்டர்கள். இதை முற்றுகை முறை என்பார்கள். இதற்கு நேர் எதிர், ஆல்பைன் முறை. இரண்டு மூன்று பேர் தங்கள் சுமையைத் தாங்களே தூக்கிக்கொண்டு, நிரந்தர முகாமோ கட்டிவைத்த கயிறோ இல்லாமல் ஒரே மூச்சில் ஏறி இறங்குவது. 1975ல் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் 8,080 மீட்டர் உயர ஹிடன் பீக்கை இப்படித்தான் ஏறினார்கள். 1978 மே 8ல் இதே இருவரும் எவரெஸ்ட் உச்சியை ஆக்சிஜன் இல்லாமல் தொட்டார்கள். மூளை கெட்டுப்போகும் என்று பலரும் பயமுறுத்தியிருந்தார்கள். சிலிண்டர் இல்லாமல் நார்ட்டன் எட்டிய உயரத்தைத் தாண்ட 54 வருடம் ஆகியிருக்கிறது! 1980 ஆகஸ்ட் 20ல் மெஸ்னர் தன்னந்தனியாக, அதுவும் ஆக்சிஜன் இல்லாமல், மறுபடி போய் வந்தார்.

முற்றுகை முறை ஒழிந்துவிடவில்லை. இன்றும் எவரெஸ்டில் பணம் கட்டி ஏறுபவர்களுக்கு முன்னாலேயே ஷெர்பாக்கள் போய்ப் பனிப்பிளவுகளில் ஏணி போட்டு, கயிறு கட்டி வைக்கிறார்கள். 2014 ஏப்ரல் 18ல் கும்பு பனியருவியில் விழுந்த பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1922க்கும் இதற்கும் வித்தியாசம் என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

ஆணிச் சண்டை பாறையிலும் தொடர்ந்தது. 1970ல் இத்தாலியரான சேசரே மாஸ்திரி, படகோனியாவின் செரோ டோரே சிகரத்தில் பெட்ரோல் கம்ப்ரசரைக் கட்டி இழுத்துப்போய், துளை போட்டு நூற்றுக்கணக்கான போல்ட்டுகளை அடித்து ஏறினார். அந்த கம்ப்ரசரைப் பாறையிலேயே தொங்க விட்டுவிட்டும் வந்தார். 2012ல் இரண்டு இளைஞர்கள் அந்த போல்ட்டுகளை அதிகம் நம்பாமல் ஏறி, இறங்கும்போது 120 போல்ட்டுகளைப் பிடுங்கிவிட்டார்கள். சரித்திரத்தை அழித்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி, மலையைச் சுத்தம் செய்தார்கள் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'ஃப்ரீ கிளைம்பிங்' என்றால் கயிறே இல்லாமல் ஏறுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறுவதற்குக் கை காலை மட்டும் பயன்படுத்த வேண்டும், கயிறு விழுந்தால் காப்பாற்ற மட்டும். கயிறும் இல்லாமல் போவதுதான் ஃப்ரீ சோலோ. அமெரிக்காவில் எல் கேப்பிடன் என்று சுமார் 900 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை இருக்கிறது. அதன் நோஸ் பாதையை வாரன் ஹார்டிங் 1957 ஜூலையில் தொடங்கி, ஆணி அடித்து அடித்து, 1958 நவம்பரில்தான் முடித்தார். அதே பாதையை 1993ல் லின் ஹில் என்ற பெண் முதன்முதலாக ஃப்ரீயாக ஏறினார், அடுத்த வருடம் 24 மணி நேரத்துக்குள்ளேயே. ஆண்கள் யாருக்கும் அதுவரை முடியவில்லை. 2017 ஜூன் 3ல் அலெக்ஸ் ஹொனால்ட் அதே பாறையை வேறொரு பாதையில் கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

பவுல்டரிங் என்பது தனி ரகம். நாலைந்து மீட்டர் உயரப் பாறை, கயிறு கிடையாது, கீழே மெத்தை. உயரம் குறைவு, கஷ்டம் அதிகம். இதிலெல்லாம் போட்டி வைக்கலாம் என்று 1980களில் பேச்சு வந்தபோது, பிரான்சின் முன்னணி வீரர்கள் 19 பேர் சேர்ந்து எதிர்ப்பு அறிக்கையே வெளியிட்டார்கள். மலைக்கு நடுவர் எதற்கு என்பதுதான் அவர்கள் கோபம். அப்படியும் 1985ல் இத்தாலியின் பர்டோனெக்கியாவில் போட்டி நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021ல் நடந்தது) இது பதக்க விளையாட்டாகவும் ஆகிவிட்டது. 2024 பாரிஸில் ஆண்கள் 15 மீட்டர் சுவரை 5 வினாடிக்குள் ஏறிக் காட்டினார்கள்.

கடிகாரம், நடுவர், கைதட்டல் எல்லாம் இருப்பதால் என் நண்பன் இதை மட்டும் விளையாட்டு என்று ஒப்புக்கொண்டான். ஆனால் மலையேற்றத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் கொடுத்தது டோக்கியோவில் முதல் தடவை அல்ல. 1924ல் ஷாமொனியில் நடந்த குளிர்கால விளையாட்டு விழாவிலேயே கொடுத்துவிட்டார்கள். யாருக்குத் தெரியுமா? உச்சியைத் தொடாமலே திரும்பிய அதே 1922 எவரெஸ்ட் குழுவுக்கு! நெய்யூர் டாக்டரும் ஒலிம்பிக் பதக்கக்காரர்தான். அந்தப் பட்டியலில் பனிச்சரிவில் இறந்த 7 சுமைதூக்கிகளின் பெயர்களும் இருக்கின்றன.