குளிரை நம்பிய கிழங்கு

போர்ச்சுகீசியர் வழியே இந்தியா வந்த உருளைக்கிழங்கு, கங்கைச் சமவெளியில் வேரூன்றியது அங்குள்ள குறுகிய குளிர்காலத்தால்தான். விதைக்கிழங்குக்கோ நெடுங்காலம் மலைகளையே நம்ப வேண்டியிருந்தது. சமவெளியில் அசுவினிப் பூச்சிகள் நச்சுயிரி நோய்களைப் பரப்பின. 1949இல் பாட்னாவில் தோன்றி 1956இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்கு வழி கண்டது: அசுவினி குறைந்த குளிர்மாதங்களில் விதைப்பயிரை வளர்த்து, அது பெருகுமுன் தழையை அறுத்துவிடுவது. எளிய உத்திதான், ஆனால் முழுவதும் பருவத்தை நம்பியது.

இன்று அக்குளிர்காலம் சுருங்கி வருகிறது. இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தால் இலை செழிக்கும், கிழங்கு திரளாது. உழவர் அதைத் தோண்டும்போதுதான் அறிவார். வெப்பம் தாங்கும் ‘குஃப்ரி சூர்யா’ இரகம் 2006இல் வெளிவந்தது. விதைப்பயிரின் சிக்கலுக்கு அது விடையாகாது. குளிர் தணிந்த ஆண்டில் அசுவினி முந்திக்கொள்கிறது. தழையையும் முன்னரே அறுக்க நேர்கிறது.