தேடுபொறி மூலோபாயம்: காலத்துக்கு ஏற்றதா?

மென்பொருள் நிறுவனங்கள் தேடுபொறியில் முன்னிடம் பெறுவதற்காக ஆலோசகர்களுக்குப் பெரும் பணம் செலுத்துகின்றன. ஆயினும், அவர்கள் வகுத்துத்தரும் மூலோபாயம் இன்றைய நிலைமைக்கு ஏற்றதா என்பதைப் பணம் செலுத்துபவர்களில் பலர் ஆராய்வதில்லை. இதற்கு ஆழ்ந்த தொழில்நுட்பப் புலமை தேவையில்லை. கூகுளின் விதிகள் மாறிய ஆண்டுகளை அறிந்திருந்தாலே பெரும்பாலும் போதுமானது.

பக்கத்தின் மறைவான பகுதியில் திறவுச்சொற்களை அடுக்கிவைக்கும் முறையைத் தரப்படுத்தலுக்குக் கருத்திற்கொள்வதில்லை என 2009 செப்டெம்பரில் கூகுள் அறிவித்துவிட்டது. 2011 இல் வந்த 'பாண்டா' மாற்றம் உள்ளீடற்ற பக்கங்களைப் பின்தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த 'பென்குயின்' மாற்றம் விலைக்கு வாங்கிய இணைப்புகளின் பயனைக் குறைத்தது. இவற்றை இன்றும் பரிந்துரைக்கும் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேல் பழையதாகும்.

அண்மைய மாற்றங்கள் மேலும் நுட்பமானவை. கேள்வி பதில் பகுதியைத் தேடல் முடிவிலேயே விரித்துக்காட்டும் வசதியை 2023 ஓகஸ்டில் கூகுள் அரச, சுகாதாரத் தளங்களுக்குள் பெரிதும் மட்டுப்படுத்தியது. பயனரின் முதல் தொடுகைக்கு ஏற்படும் தாமதத்தை அளந்த எஃப்.ஐ.டி. அளவுகோலின் இடத்தை, 2024 மார்ச்சில் ஐ.என்.பி. பெற்றது. இது வருகை முழுவதிலும் பக்கம் பதிலளிக்கும் விரைவை அளப்பதாகும். ஆலோசகரின் அறிக்கை பழைய அளவுகோலையே பேசுமாயின், அது எப்போது எழுதப்பட்டதென ஊகிப்பது கடினமன்று.

அதே மாதத்தில், தரவரிசையை மட்டும் குறிவைத்து மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்கள், இயந்திரம் எழுதினும் மனிதர் எழுதினும், விதிமீறலே என கூகுள் தெளிவுபடுத்தியது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் தேடல் முடிவுகளின் மேற்பகுதியில் இடம்பெறத் தொடங்கின. பயனர் எந்தத் தளத்துக்கும் செல்லாமலே பதிலைப் பெறக்கூடிய இந்நிலையில், வருகையாளர் தொகையை மட்டும் வெற்றியின் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. எத்தனை பேர் மென்பொருளைப் பரீட்சித்துப் பார்த்தனர், எத்தனை பேர் விசாரித்தனர் என்பனவே கேட்கப்படவேண்டியவை.

அதேவேளை, பழையன யாவும் கழிக்கத்தக்கன அல்ல. தெளிவான தலைப்பும், தேடுபொறி தடையின்றி வாசிக்கத்தக்க பக்கமும் என்றும் தேவையானவை. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் அளிக்க முடியாதென கூகுளே கூறுகிறது. எனவே, அத்தகைய வாக்குறுதியைப் புதுமையின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

ஒவ்வொரு பரிந்துரையும் எந்த ஆண்டின் விதியைச் சார்ந்தது, அதனால் பயனருக்கு என்ன நன்மை என்ற இரு கேள்விகளுக்கும் விடை தராத மூலோபாயத்துக்குப் பணம் செலுத்துவது வீண் செலவு என்பதே எமது கருத்தாகும்.