ஒரு நோய், எண்பது மருந்துச் சீட்டுகள்

காசநோய்ச் சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவரைச் சுகாதாரப் பதிவேடுகள் நெடுங்காலம் ‘டிஃபால்ட்டர்’ என்றே குறித்தன. கடனைத் திருப்பிச் செலுத்தாதவருக்கும் வழங்கும் சொல் அது. மருந்து பலிக்காவிடில் பிழை நோயாளியுடையதே என்னும் தீர்ப்பு அச்சொல்லுக்குள் அடங்கியிருந்தது. தாராவியின் வரலாறு அத்தீர்ப்பை ஐயுற வைக்கிறது.

ஏழ்மையும் நெருக்கடியான வீடும் சிகிச்சைக்குத் தடையல்ல என்பதை 1959-இலேயே சென்னைக் காசநோய் ஆய்வு மையம் நிறுவியது. வீட்டிலிருந்தே மருந்துண்ட வறிய நோயாளிகள், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். தேவைப்பட்டது சரியான மருந்து.

தாராவியில் அது கிடைத்ததா? முகுந்த் உப்லேகரும் டொனால்ட் ஷெப்பர்டும் 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 தனியார் மருத்துவர்கள் இந்த ஒரே நோய்க்கு 80 வகையான மருந்துத் திட்டங்களை எழுதினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2010-இல் ஜரீர் உத்வாடியா குழுவினர் அதே கேள்வியை மீண்டும் எழுப்பினர். 106 மருத்துவர்கள் 63 வகைத் திட்டங்களை எழுதினர். சரியாக எழுதியவர்கள் 6 பேர். அரசின் காசநோய்த் திட்டம் அம்மருத்துவர்களில் பெரும்பாலோரை அணுகியிருக்கவில்லை என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டது.

இப்பிழையின் விளைவு ஒரு நோயாளியோடு முடிவதில்லை. எந்த ஒரு மருந்துக்கும் அடங்காத சில கிருமிகள் உடலில் இயல்பாகவே இருக்கும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அவையும் அழியும். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் அவை மட்டும் எஞ்சிப் பெருகி, பிறருக்கும் பரவும். சோதிக்கப்பட்ட எம்மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் கொண்ட நால்வரைப் பற்றி, 2011 இறுதியில் மும்பை இந்துஜா மருத்துவமனையிலிருந்து உத்வாடியா குழுவினர் அறிவித்தனர். அவர்களில் மூவர், பல தனியார் மருத்துவர்களிடம் இரண்டாம் நிலை மருந்துகளை ஒவ்வொன்றாக, பெரும்பாலும் தவறான அளவில் பெற்றவர்கள்.

அதன்பின் விதிகள் மாறின. 2012-இல் ஒவ்வொரு காசநோயாளியைப் பற்றியும் அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் கடமையாயிற்று. 2014 முதல் காசநோய் மருந்துகள் கடும் விற்பனைக் கட்டுப்பாடு கொண்ட எச்-1 பட்டியலில் உள்ளன. ‘டிஃபால்ட்டர்’ என்னும் சொல்லையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் கைவிட்டு, ‘தொடர்பு அறுந்தவர்’ என்ற பொருளுடைய தொடரை ஏற்றது.

மருந்தை நிறுத்தியவருக்கு இவ்வாறு இரண்டு பெயர்கள் கிடைத்தன. மருந்தைத் தவறாக எழுதியவருக்கு அப்பதிவேடுகளில் ஒரு பெயரும் இல்லை.