கில்கோரில் 24 கிணறுகள்



குவைத்தில் எண்ணெய் வயலில் வேலை செய்யும் என் பழைய மாணவன் போன வாரம் போனில் பேசினான். "ஒரு கிணறு தோண்டும் முன்னால், எங்கே தோண்டுவது என்று மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறோம் சார். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்" என்றான். சிரிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1930 அக்டோபரில், அமெரிக்காவில் டெக்சாஸின் கிழக்குப் பகுதியில், டெய்சி பிராட்ஃபோர்டு என்ற அம்மையாரின் நிலத்தில் எண்ணெய் பீறிட்டது. தோண்டியவர் ஜாய்னர், 70 வயதுக்காரர். அது அவருடைய மூன்றாவது கிணறு.

அந்நாட்டுச் சட்டப்படி, கிணற்றில் வந்த எண்ணெய் எடுத்தவருக்கே சொந்தம். பக்கத்து நிலத்தின் அடியிலிருந்து வந்திருந்தாலும் கேட்க முடியாது. ஒரே இளநீரில் பத்துப் பேர் ஸ்ட்ரா போட்டால் யார் மெதுவாகக் குடிப்பார்கள்?

கில்கோர் என்ற சிற்றூரில் வீட்டு மனைகளிலும் கடைகளின் பின்புறத்திலும் தோண்டினார்கள். ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் 24 கிணறுகள்! ஒன்று வங்கியின் தரையைத் துளைத்துப் போடப்பட்டது.

விதி இல்லாமல் இல்லை. கிணற்றுக்குக் கிணறு 300 அடி இடைவெளி வேண்டும் என்று 1919-லேயே எழுதியிருந்தார்கள். ஆனால் கேட்டவருக்கெல்லாம் விலக்கு கொடுத்தார்கள். (விலக்குக் கடிதம் என்றால் என்னவென்று தலைமையாசிரியர் அறையில் பார்த்தவன் நான்.)

விளைவு? பீப்பாய் ஒரு டாலர் அளவில் இருந்த எண்ணெய் 1931-இல் 10 சென்ட் அளவுக்கு விழுந்தது. ஆகஸ்டில் ஆளுநர் ஸ்டெர்லிங் படையை அனுப்பிக் கிணறுகளை மூட வைத்தார்.

விலையைவிடப் பெரிய நஷ்டம் பூமிக்குள். அங்கே எண்ணெயை மேலே தள்ளுவது மேற்கிலிருந்து அழுத்தும் உப்புநீர். அளவு மீறி எடுத்தால் அழுத்தம் குறையும். தண்ணீர் ஒழுங்கில்லாமல் முந்திக்கொண்டு வந்து, எண்ணெய் அங்கங்கே பாறைக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் 1942 முதல், எண்ணெயோடு வெளிவந்த உப்புநீரையே மீண்டும் பூமிக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். மொத்தம் 30,000-க்கும் மேற்பட்ட கிணறுகள். அவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லாதவை என்று பின்னால் வந்த பொறியாளர்கள் சொன்னார்கள்.

கில்கோரில் அந்தக் கோபுரங்களை இப்போது நினைவுச்சின்னமாக நிறுத்தி, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திர விளக்குப் போடுகிறார்கள். தம்பி, விடுமுறையில் ஊருக்கு வரும்போது உன் கணக்கு நோட்டையும் எடுத்து வா. எனக்கும் பார்க்க ஆசை.