ஈறு இறக்கத்துக்கான நுண்கீறல் அறுவை

பல்லைச் சுற்றியுள்ள ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிவது ஈறு இறக்கம். பல் கூசும், நீண்டுவிட்டதுபோல் தோன்றும், வேரில் சொத்தையும் விழலாம். மெலிந்த ஈறு, காரை சேர்ந்து வரும் ஈறுநோய், அழுத்தித் தேய்ப்பது, புகையிலை ஆகியவை முக்கியக் காரணங்கள். நாட்டரசன்கோட்டை போன்ற செட்டிநாட்டு ஊர்களில் செங்கல்தூளும் கரியும் வைத்துப் பல் துலக்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. வயசானால் ஈறு இறங்கத்தான் செய்யும் என்று அவர்களை விட்டுவிடுவது தவறு. வேரை மூட வழி உண்டு.

அந்த வழி முதலில் கரடுமுரடாகவே இருந்தது. 1956இல் க்ரூப், வாரன் இருவரும் அண்டைப் பல்லின் ஈற்றை நகர்த்தி வேரை மூடும் முறையை விவரித்தனர். 1960களில் மேலண்ணத்திலிருந்து மேல்தோலோடு திசுவை வெட்டி ஒட்டும் முறை பரவியது. ஒட்டிய இடத்தில் நிறம் சேராது. அண்ணத்துப் புண் ஆறும்வரை சோறு இறங்குவதே பாடு.

திருப்பம் 1985. அந்த ஆண்டில் பர்ட்டன் லாங்கரும் லாரீன் லாங்கரும் அண்ணத்தின் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளிருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் எடுத்தனர். புண்ணை மூடித் தைக்க முடிந்தது. ரெட்ஸ்கே, செங்குத்துக் கீறல் இல்லாமல் ஈற்றை உறைபோல் விரித்து அத்திசுவைச் செருகினார். மில்லர் தந்த வகைப்பாடு, பல்லிடுக்கு எலும்பு கரைந்திருந்தால் வேர் முழுதும் மூடாது என்று முன்கூட்டியே சொல்ல உதவியது. 1994இல் ஆலன், உறை முறையை அடுத்தடுத்த பற்களுக்கு நீட்டிச் சுரங்க முறையாக்கினார். பல்லிடுக்கு ஈறு வெட்டுப்படாமல் நிற்பதால் ரத்த ஓட்டம் கெடாது. இந்த அறுவையின் உயிர்நாடியே அதுதான்.

2011இல் ஜாதே, உதட்டின் உட்புறம் ஒரே செங்குத்துக் கீறல் போட்டு, அதன் வழியாகச் சுரங்கம் அமைக்கும் விஸ்டா முறையை வெளியிட்டார். 2012இல் கலிபோர்னியாவின் ஜான் சாவோ வெளியிட்ட பின்ஹோல் முறையில் சிறு துளை ஒன்றே போதும்: அதன் வழியே ஈற்றைத் தளர்த்தி வேரை மூடும்படி நகர்த்தி, கொலாஜன் துண்டுகளைச் செருகி நிறுத்துவார்கள். அண்ணத்தில் கை வைப்பதில்லை, வலி குறைவு. ஆனால் 43 பேரின் 121 இடங்களைச் சராசரி 18 மாதம் கவனித்த அவரது அறிக்கையில் ஒப்பீட்டுக் குழு இல்லை. விளம்பரத்தில் 'கத்தியில்லை, தையலில்லை' என்று படிப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். ஈற்றின் தடிமனைக் கூட்டி வேரை நீண்ட காலம் மூடி வைப்பதில் அண்ணத்து இணைப்புத் திசுவே இன்றும் அளவுகோல். ஈறு மெலிந்தவருக்குக் கூடுதல் வலியைப் பொறுத்துக்கொண்டு அதைத் தேர்வதே நல்லது; ஈறு தடித்து, பல பற்களில் இறக்கம் இருந்தால் பின்ஹோல் பொருந்தலாம்.

அண்ணத்தைத் தவிர்க்க இன்னொரு வழி பி.ஆர்.எஃப். நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் படலம் இது. 2001இல் பிரான்சில் ஷூக்ரூன் அறிமுகப்படுத்தினார். தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பயன்படுகிறது.

சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2023இல் புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்ததால், நாட்டரசன்கோட்டைக்காரர்களுக்கு அப்படியொரு கல்லூரி பக்கத்து மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது.