'றெசிடென்ற்': ஒரு சொல், மூன்று பொருள்

நகரசபைக் கடிதம் 'டியர் றெசிடென்ற்' என்று தொடங்கும். முதியோர் இல்லத்தில் வசிப்பவரையும் றெசிடென்ற் என்பார்கள். இதுவே இந்தச் சொல்லின் பொதுப்பொருள்: ஓரிடத்தில் குடியிருப்பவர். இங்கே விசாவைப் பற்றிய பேச்சே இல்லை.

குடிவரவுச் சட்டத்தில் வருவது 'பேர்மனன்ற் றெசிடென்ற்', அதாவது நிரந்தர வதிவிட விசா உள்ளவர். பிறிட்ஜிங் விசாவில் பத்து வருடம் இருந்தாலும் இந்தப் பெயர் கிடைக்காது. குடியுரிமைக்குப் பொதுவாகக் கேட்கப்படும் நான்கு வருடச் சட்டபூர்வ வதிவிலும் கடைசி 12 மாதங்கள் நிரந்தர வதிவிடமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது பொருள் வரித் திணைக்களத்துக்குரியது. வேலையில் சேரும்போது நிரப்பும் வரி இலக்கப் படிவத்தில் 'றெசிடென்ற் ஃபோர் டக்ஸ் பேர்பசஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். எம்மவர் பலர் தயங்குவது இங்கேதான். "எனக்கு பி.ஆர். இல்லையே, இதில் அடையாளம் போட்டால் பொய் சொன்னதாகிவிடாதா?" என்று பயப்படுகிறார்கள். ஆகாது. இந்தக் கேள்வி விசாவைப் பற்றியதல்ல. நீங்கள் உண்மையில் எங்கே வாழ்கிறீர்கள் என்பதே முதற் சோதனை. வீடு, வேலை, குடும்பம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் சிட்னியிலோ மெல்பேர்ணிலோ இருந்தால், பிறிட்ஜிங் விசாக்காரரும் பெரும்பாலும் வரிக்கு றெசிடென்ற்தான். அதே நேரம், அந்தப் பெட்டியில் அடையாளமிட்டதால் விசா உரிமை எதுவும் வந்துவிடாது.

பயந்து 'ஃபொறின் றெசிடென்ற்' என்று போட்டால் நட்டம் பெரிது. 2024-25 வரி ஆண்டில் 40,000 டொலர் சம்பாதித்த றெசிடென்ற் ஒருவருக்கு முதல் 18,200 டொலருக்கு வரி இல்லை. மிகுதிக்கு 16 வீதப்படி 3,488 டொலர். குறைந்த வருமானக் கழிவு இதையும் குறைக்கும். 2 வீத மெடிகெயார் அறவீடு தனியாகச் சேரும். ஃபொறின் றெசிடென்ற் என்றால் முதல் டொலரிலிருந்தே 30 வீதம்: 12,000 டொலர்.

மெடிகெயார் உரிமை இல்லாதவர், அதற்கான உறுதிப் பத்திரத்தை சேர்விசஸ் அவுஸ்திரேலியாவிடம் பெற்று, அந்த அறவீட்டிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

இந்தச் சொல்லுக்குக் கடமையும் உண்டு. நிரந்தர வதிவிடம் பெற்று இங்கே வாழ்பவர் யாழ்ப்பாணத்து வீட்டு வாடகையையும் வரிப் படிவத்தில் காட்ட வேண்டும்.

ஆகவே படிவத்தில் 'றெசிடென்ற்' என்று கண்டால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் வாசியுங்கள். ஏற்கெனவே தவறாகப் போட்டிருந்தால், பொதுவாக வரி மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து இரண்டு வருடங்களுக்குள் திருத்தம் கோரலாம்.